ஒரு துளி காடு

அந்தப் படத்தில் ஆள் யாரும் இல்லை. அதுதான் வான்மதியை அதன் முன்னால் நிறுத்தியது.

பக்கத்துப் படங்களில் குடை பிடித்த பெண்கள், படகுக்காரர்கள், ஏதோ ஒரு ரயில் நிலையத்துக் கூட்டம். இதில் மரங்கள் மட்டும். நடுவில் ஒரு மண் பாதை கொஞ்ச தூரம் போய், வளைந்து, காணாமல் போனது. இலைகளுக்கு நடுவே இறங்கிய வெயில் அடிமரங்களில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் ஒரு பிரெஞ்சுக்காரர் காட்டிலேயே உட்கார்ந்து வரைந்தது என்று பக்கத்து அட்டையில் போட்டிருந்தது. கிட்டே போனால் காடு கலைந்துவிட்டது. வெறும் பச்சைத் தீற்றல்கள், தடிப்புத் தடிப்பாக, யாரோ அவசரத்தில் அப்பிவிட்டுப் போனதுபோல. பின்னால் வந்தால் மறுபடி மரங்கள், மறுபடி நிழல். முன்னால் போய்ப் பின்னால் வந்து இரண்டு மூன்று தடவை பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரமும் வியாழக்கிழமை அவள் நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை நெவார்க்கில் கிரீன் கார்ட் இன்டர்வியூ. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து அவளும் கதிரும் காத்திருப்பது அதற்காகத்தான். இடையில் கதிரின் அப்பா கோபிசெட்டிபாளையத்தில் இறந்துபோனார். அப்போது விசா சிக்கலில் இவனால் போக முடியவில்லை. பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டின் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து, போனில் தகனத்தைப் பார்த்தான். இப்போது அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்கிறார்கள். தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. மகன் வந்து நின்றால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று ஒரே பிடிவாதம். இன்டர்வியூ முடியாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கப் பயந்துதான், மகள் ரோஷினியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு மியூசியத்துக்குத் துணைக்கு வருகிறேன் என்று டீச்சருக்குச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் கழற்றிக் கொடுத்த ஜாக்கெட்டுகள் எல்லாம் இடது கையில். ரோஷினியின் பை தோளில். பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டிக்கொண்டுமிருந்தாள். ஜாக்கெட்டுகள் வந்து சேர்ந்தபோது அது எப்படி முதுகுக்குப் போனது என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த அறையில் யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. வான்மதி சடாரென்று திரும்பினாள்.

இடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு உரசல். பைக்குள் இருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டிலின் கனம் முதுகில் லேசாகத் தட்டியது. என்னவென்று புரிவதற்குள் அவள் கை போய்விட்டது. காலில் புத்தகம் பட்டால் போகுமே, பஸ்ஸில் யார்மீதாவது செருப்புக்கால் பட்டால் போகுமே, அதே மாதிரி. வலது கை விரல்கள் அந்தப் பச்சையைத் தொட்டன. தொட்ட விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

"மேடம்!" என்று காவலர் போட்ட சத்தத்தில் அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

---

"இன்னொரு முறை போடுகிறேன், பாருங்கள்" என்றாள் டெனீஸ்.

டெனீஸ் அந்த மியூசியத்தின் பாதுகாப்பு அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. ஜன்னலில்லாத அவளுடைய அறையில் வான்மதி தன் கையையே திரையில் பார்த்தாள். கேமரா இருந்த கோணத்தில் பை தெரியவில்லை. அவள் உடம்பே அதை மறைத்திருந்தது. ஒரு பெண் திரும்புகிறாள், நிதானமாகக் கையை நீட்டுகிறாள், ஓவியத்தைத் தொடுகிறாள், முகத்தில் தடவிக்கொள்கிறாள். அவ்வளவுதான்.

"பை இடித்துவிட்டது. அதனால் மன்னிப்புக் கேட்டேன்."

"யாரிடம்?"

"படத்திடம்."

டெனீஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "மேடம், நான் உங்களைக் கேலி செய்யவில்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். ஓவியத்தின் மேல் பட்டுவிட்டது. அதற்கு வருத்தம் தெரிவிக்க, அதை இன்னொரு முறை தொட்டீர்கள்."

அந்த வார்த்தைகளில் கேட்டபோது அது வான்மதிக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. "ஆமாம்" என்றாள்.

ஓவியத்தைப் பராமரிக்கும் நிபுணர் சோதித்துக்கொண்டிருப்பதாகவும், சேதம் இருந்து அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்வதைத் தவிர வழியில்லை என்றும் டெனீஸ் சொன்னாள். வான்மதி தலையாட்டினாள். காதில் ரோஷினியின் குரல் இன்னும் இருந்தது. காவலர் இவளை அழைத்துக்கொண்டு போனபோது, டீச்சரின் கையைப் பிடித்தபடி எல்லோர் முன்னாலும் கேட்டாளே: "மாம், ஆர் யூ இன் ட்ரபிள்?"

போன் வந்ததும் கதிர் ஆபீஸிலிருந்து ஓடி வந்தான். கழுத்தில் ஐடி கார்டு தொங்கியது. டெனீஸ் அவர்களைத் தனியாக விட்டு வெளியே போனதும் கதவைச் சாத்தினான்.

"என்னடி பண்ணி வெச்சே?"

சொன்னாள். நின்றுகொண்டே கேட்டான்.

"படத்துக்கிட்ட சாரி கேட்டியா?"

"கை தானா போச்சு கதிர்."

"தேங்காய் உடைக்காம விட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்." நாற்காலியில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டான். "வக்கீல் வாஞ்சி சாருக்கு கால் பண்ணேன். மனுஷன் ஓக் ட்ரீ ரோட்ல தோசை சாப்பிட்டுட்டிருந்தாரு. பெயின்டிங்கைத் தொட்டுட்டாங்கன்னு சொன்னா, 'ஈரம் காயலையா, எந்த ரூம்?'னு கேக்குறாரு."

வான்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. இரண்டு பேரும் சத்தமில்லாமல் குலுங்கினார்கள். பிறகு அவன் நிறுத்திவிட்டான். அவளால் உடனே நிறுத்த முடியவில்லை, சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

"வக்கீல் என்ன சொன்னாரு?"

"போலீஸ் ரிப்போர்ட்டு, சைட்டேஷன்னு அபராதச் சீட்டு, எதுவும் வரக் கூடாதாம். வந்துட்டா வியாழக்கிழமை அந்த ஆபீசர் கேப்பாரு. இல்லேன்னு பொய் சொல்ல முடியாது. ஆமான்னு சொன்னா ஃபைலை ஓரமா எடுத்து வெச்சுடுவாங்க. மறுபடி எப்ப எடுப்பாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும்." அவள் பக்கம் குனிந்தான். "பேலன்ஸ் போச்சு, விழாம இருக்க கைய வெச்சேன்னு சொல்லு வானு. ப்ளீஸ்."

"கேமரால கண்ணுல ஒத்திக்கிறது தெளிவா தெரியுது. விழப்போறவ யாராவது கண்ணுல ஒத்திப்பாளா?"

அவன் கழுத்திலிருந்த ஐடி கார்டைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்காமல் சொன்னான்: "அம்மா காலையில பேசினாங்க. 'நீ வா கண்ணு, அப்புறம் அறுத்துக்கலாம். நான் எங்கேயும் போயிட மாட்டேன்'னு. பேசறப்பவே மூச்சு வாங்குது. மூச்சு வாங்கலேன்னு காட்டிக்கிறதுக்காக நடுநடுவுல இருமற மாதிரி நடிக்கிறாங்க."

வான்மதி எழுந்தாள். முகம் கழுவ வேண்டும்போல் இருந்தது.

---

பாத்ரூம் கண்ணாடியில்தான் அதைப் பார்த்தாள்.

வலது கண்ணிமையின் ஓரத்தில், கலைந்த மையோடு ஒட்டிக்கொண்டு, எள்ளளவு பச்சை. தூசி என்று நினைத்துத் தொட்டாள். விரல் நுனிக்கு வந்தது. ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் வெயில் நிறத்தில் மெல்லிய மஞ்சள்.

சேதம் இருக்கிறதா என்று உள்ளே யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது இங்கே, அவள் விரலில் இருக்கிறது.

விரலை மற்றக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கதிர் காரிடாரில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தான். காட்டினாள். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காரிடாரின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"கழுவிடு."

"கதிர்..."

"உள்ள போ. கைய கழுவு. முகத்தையும் நல்லா கழுவு. ஒரு செகண்ட் வேலை."

"அது அந்தப் படத்தோட துண்டு."

"எள்ளு மாதிரி இருக்கு! அத்தனை பச்சையில இது ஒண்ணு இல்லேன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"பாத்துட்டிருக்காங்களே. இது இருந்த இடம் காலியா இருக்கும்ல?"

"காலியா இருந்தா இருக்கட்டும். நூத்தம்பது வருஷப் பெயின்ட். என்னைக்கோ உதிர்ந்துச்சுன்னு நினைச்சுப்பாங்க. இதைக் கையில எடுத்துட்டுப் போய் நின்னா, நீ பிச்சு எடுத்தேன்னு ஆயிடும். கேமராவுல கை, கையில பெயின்ட்டு. அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது. யோசி வானு."

யோசித்தாள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கோபியில் அந்த அம்மா மூச்சை மறைக்க இருமிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில், எந்தக் குழம்பில் உப்புக் கூடிப்போனாலும் "என் நாக்குதான் செத்துப்போச்சு" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு மருமகளைக் காப்பாற்றியவர்.

மறுபடி உள்ளே போனாள்.

கைகழுவும் தொட்டியில் திருகு எதுவும் இல்லை. கையைக் கீழே காட்டினால் தண்ணீர் தானாக வரும். காட்டினால் போதும். வான்மதி விரலை நீட்டியபடி நின்றாள். குழாய்க்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. பச்சையின் ஓரத்தில் தூரிகையின் மயிர் இழுத்த கோடு தெரிந்தது. யாரோ ஒருவர், கூடாரமோ குடையோ எதன் அடியிலோ உட்கார்ந்து, ஒரு இலையை வைத்திருக்கிறார். அல்லது இலையின் மேல் விழுந்த வெயிலை. அதை வைத்தபோது அவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, என்ன கவலையோ.

பக்கத்துக் குழாயில் ஒரு அம்மாள் கைகழுவ வந்தார். தண்ணீர் பீறிட்ட சத்தத்தில் வான்மதி விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கழுவிட்டியா?" என்றான் கதிர்.

"முடியல."

"குடு." அவன் கையை நீட்டினான். "நான் பண்றேன். பாவம் எனக்கு வரட்டும். குடு இங்க."

"விடு, கதிர்!"

அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் இழுத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டார்கள்.

விரல் வெறுமையாக இருந்தது.

வான்மதி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே தரை, சாம்பல் நிறத்தில் ஆயிரம் புள்ளிகள் போட்ட கல் தரை. விழுந்துவிட்டது. இனி யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு பேரும் திரும்பி நடந்தால் போதும்.

"அசையாத!" என்றான் கதிர்.

அவள் அப்படியே நின்றாள். அவன் அதற்குள் முழங்காலில் உட்கார்ந்திருந்தான். போன் வெளிச்சத்தைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தான்.

"காலைத் தூக்காத. மொதல்ல உன் ஷூவைச் சுத்திப் பாக்கறேன். மூச்சு விடாத, பறந்துடும்."

"நீ மட்டும் விடலாமா?"

"பேசாத."

அவளும் மெல்ல மண்டியிட்டாள். சுவரோரம் அவள், நடுவில் அவன். ஒரு புள்ளியைப் பார்த்தால் பக்கத்துப் புள்ளி பச்சையாகத் தெரிந்தது. மனைவியோடு வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் நின்றுவிட்டார். "கான்டாக்ட் லென்ஸா?" என்றார் கரிசனமாக.

"ஆமாம்" என்றான் கதிர். "தயவுசெய்து அந்தப் பக்கமாகப் போங்கள்."

அவர் போகவில்லை. தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். வான்மதி அவர் ஷூவின் அடியையே பார்த்தாள். "சார், நில்லுங்கள், நில்லுங்கள்!" என்று கதிர் கிட்டத்தட்டக் கத்தினான். அவர் ஒற்றைக் காலில் நின்றார். அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

"இங்க" என்றான் கதிர்.

சுவரும் தரையும் சேரும் விளிம்பில் கிடந்தது. விரலால் தொட அவனுக்குப் பயம். ஐடி கார்டைக் கழற்றி, அதன் ஓரத்தைக் கீழே செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். கார்டில் அவனுடைய போட்டோவின் நெற்றிக்கு மேல் அது வந்து உட்கார்ந்தது. தெரிந்த இலை, தெரிந்த மஞ்சள்.

"எதுக்குத் தேடினே?" என்று வான்மதி மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல."

நிமிர்ந்தபோது டெனீஸ் அவர்கள் எதிரில் நின்றிருந்தாள்.

---

நிபுணரின் பெயர் ஐலீன். ஒல்லியான, நரைத்த பெண். நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தாள். கதிர் இரண்டு கையாலும் ஏந்தி வந்த கார்டை வாங்கி, விளக்குக்குக் கீழே வைத்து, நீண்ட நேரம் பார்த்தாள். கதிரின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இது எங்கே இருந்தது?"

"என் கண்ணிமையில்" என்றாள் வான்மதி. மறைக்க எதுவும் மிச்சமில்லை. "இங்கேயே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் இவரிடம் காட்டினேன். கழுவிவிடலாம் என்று நினைத்தோம். நினைத்தது நிஜம்."

கதிர் கண்ணை மூடிக்கொண்டான்.

ஐலீன் தன் இடது கையை நீட்டினாள். "ஓவியத்தை எப்படித் தொட்டீர்களோ, அதே மாதிரி என் கையைத் தொடுங்கள்."

வான்மதி தயங்கினாள். பிறகு அந்தப் புறங்கையைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்போது யோசித்துச் செய்ததால் சரியாக வரவில்லை என்று பயந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

ஐலீன் டெனீஸ் பக்கம் திரும்பினாள். "அந்தத் தடிப்பு பக்கவாட்டில் பெயர்ந்திருக்கிறது. ஏதோ கனமான பொருள் பக்கத்திலிருந்து உரசியிருக்கிறது. பையாக இருக்கலாம், அந்த உயரம்தான். விரல் இந்த அளவுக்குத் தொட்டு அது பெயராது. பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது விரலில் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது." பூதக்கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டாள். "தொடாமல் விட்டிருந்தால் கீழே விழுந்திருக்கும். சாயங்காலம் தரை துடைப்பவர்கள் வாரிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு அந்த இடத்தில் பூசுவதற்கு வேறு வண்ணம்தான் கிடைத்திருக்கும். இது கிடைத்திருக்காது."

டெனீஸ் மியூசியத்தின் டைரக்டரிடம் பேசப் போனாள்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு ஸ்கூல் பஸ் போனது. ரோஷினியின் பஸ்தானா என்று பார்க்க வான்மதிக்குத் தைரியம் வரவில்லை. கதிர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"போலீஸைக் கூப்பிட்டாங்கன்னா, நான் இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிடறேன். நான் வரமாட்டேன், எனக்காகக் காத்திருக்காதீங்க, சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னு."

"கேப்பாங்களா?"

"மாட்டாங்க." உதடு கோணியது. "மாட்டாங்க வானு."

அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டெனீஸ் வந்தாள். நின்றபடியே பேசினாள். விபத்து என்று மியூசியத்தின் உள்ளேயே பதிவு செய்கிறார்கள். போலீசுக்குப் போகவில்லை. அடுத்த முறை வந்தால் பை, ஜாக்கெட் எல்லாவற்றையும் வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். "கையை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை" என்றாள். சிரித்தாளா என்று சொல்ல முடியாத முகம். அவளுடைய கறுப்பு ஷூக்கள் காரிடாரில் திரும்பி நடந்தன.

கதிர் அசையவில்லை. காது கேட்காதவன்போல் உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. எடுத்தான்.

"தம்பி, என்னாச்சு? போலீஸ் வந்துட்டாங்களா? வாயே திறக்காதீங்க!" வக்கீல் வாஞ்சிநாதனின் குரல் வான்மதிக்கே கேட்டது.

"சார்..." என்றான் கதிர். அதற்கு மேல் வரவில்லை. அப்பாவின் தகனத்தைப் போனில் பார்த்த அன்றுகூட அழாதவன் வாயைத் திறந்தபடி போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். தோள்கள் மட்டும் ஆடின.

வான்மதி அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். "சார், வான்மதி பேசறேன். ஒண்ணும் ஆகல. போலீஸ் இல்ல, சைட்டேஷன் இல்ல. வியாழக்கிழமை வர்றோம்."

"அப்பாடா. நெஞ்சு அடைச்சுடுச்சும்மா எனக்கு. சரி, என்னதான் நடந்துச்சு? யாராவது கேட்டா நான் தயாரா இருக்கணும்ல?"

கதிரின் பேன்ட்டில் இரண்டு முட்டியிலும் காரிடாரின் தூசி வட்டமாக ஒட்டியிருந்தது. வான்மதி குனிந்து ஒரு முட்டியைத் தட்டிவிட்டாள்.

"மொதல்லேர்ந்து சொல்றேன் சார்" என்றாள், அடுத்த முட்டியைத் தட்டியபடி. "தோசையைச் சாப்பிட்டுட்டே கேளுங்க."